துண்டுக்கு அடியில் எட்டு வோட்டு

அந்தக் கைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. உப்பில் ஊறி ஊறிக் கணுக்கள் வெடித்து, எத்தனை சோப்புப் போட்டாலும் ஆட்டுத்தோலின் வாடை போகாத கை. அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். துண்டுக்கு அடியில் என் கையை நுழைத்து அவருடைய விரல்களைப் பிடிப்பேன். ஒரு விரலைப் பிடித்தால் சம்மதம், இரண்டு விரல்களைப் பிடித்தால் சம்மதமில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். சன்னல் வழியாகப் பஜார் தெருவை வேடிக்கை பார்ப்பவர் போல உட்கார்ந்திருப்பார். முதல் யுத்தம் முடிந்த பிறகான பல வருஷங்கள் எங்கள் ஆம்பூர் கிளைச் சபையில் வோட்டு இப்படித்தான் நடந்தது.

அவர் எங்கள் காரியதரிசி. தொழில் தோல் தரகு. ஊரில் எல்லோரும் சாயபு என்றே கூப்பிடுவார்கள். சபை என்றால் ஏதோ பஜனை கோஷ்டி என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா மதத்து ஞான நூல்களையும் சேர்ந்து வாசிப்பது, எந்த மதத்தையும் சபையின் மதம் என்று சொல்லாதிருப்பது, இந்த இரண்டு கொள்கைகளுக்காகப் பட்டணத்தில் யாரோ பெரியவர்கள் ஆரம்பித்தது. எங்கள் கிளையில் பதினைந்து பேர். பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடி அறை. சுவரில் எந்தப் படமும் கிடையாது, ஆணிகூடக் கிடையாது. கூட்டம் தொடங்கும்போது ஐந்து நிமிஷம் மௌனம். அந்த மௌனத்தில் யார் யாரை நினைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கக் கூடாது என்பது விதி. "அஞ்சு வேள பள்ளிவாசல்ல, ஞாயித்துக்கெழம ஒரு வேள இங்க. இதுல யாருக்கு இன்னா பேஜாரு?" என்பார் சாயபு. கேட்டவன் வாயை மூடிக்கொள்வான்.

ஞானத்தைத் தேடி வந்தவர்கள் என்று பெயர்தானே ஒழிய, நாங்கள் அடித்துக்கொண்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. மௌனம் முதலிலா, போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பது முதலிலா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வாதாடியிருக்கிறோம். புது அங்கத்தினரைச் சேர்ப்பதற்கு முக்கால்வாசிப் பேர் சம்மதம் வேண்டுமா, பாதிப் பேர் போதுமா என்று ஒரு மாதம். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சண்டைகளில் யாரும் யாருக்கும் பயப்படவில்லை. அந்த வகையில் அவை நல்ல சண்டைகள்தாம்.

பயம் வந்தது தலைவரால். ஓய்வுபெற்ற தாசில்தார் அவர். ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதித்தான் வோட்டுப் போட்டோம். தாசில்தாராக இருந்தவருக்குக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா? கூட்டம் முடிந்த மறுநாளே தமக்கு எதிராக எழுதியவன் வீட்டு வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார். "ஏன் அப்படிப் போட்டே? எனக்குப் புரியும்படி சொல்லு, பார்ப்போம்" என்று ஒரு மணி நேரம் விளக்கம் கேட்பார். கோபமே இருக்காது, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அப்போதுதான் சாயபு தன் தொழிலிலிருந்து ஒரு வழி சொன்னார். தோல் சந்தையில் விலை பேசுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயைத் திறக்கமாட்டார்கள். தரகரின் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். பக்கத்தில் நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. தரகர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் உயிரே போனாலும் சொல்லமாட்டார். சொன்னார் என்று ஒரு தடவை பேர் கெட்டால் போதும், மறுநாள் அவர் துண்டுக்குள் ஒருத்தனும் கையை விடமாட்டான். தவறாகச் சொன்னார் என்று பேர் வந்தாலும் அதே கதிதான். தரகருக்கு முதல் என்று இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். தலைவர்கூட அன்றைக்குச் சிரித்தார். "பிரம்ம ஞானத்துக்குத் தோல் மண்டி வழியா? சரி, நடக்கட்டும்" என்றார். தலைவரும் காரியதரிசியும் வோட்டுப் போடுவதில்லை, மற்ற பதின்மூன்று பேரும் போடுவது என்று முடிவாயிற்று.

பல வருஷங்கள் நன்றாகத்தான் நடந்தது. பிறகு பட்டணத்துத் தலைமைச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வடக்கே ஒரு மகான் தோன்றியிருக்கிறார், உலகத்துக்கே வழிகாட்டப் போகிறவர், கிளைகள் விரும்பினால் அவருடைய படத்தை வைத்து வணங்கிக் கூட்டத்தைத் தொடங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்றும் ரயிலில் வந்து சேர்ந்தது. தலைவர் உருகிப்போய்விட்டார். அந்த மகானின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், அழுகை வந்துவிட்டதாம். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் படம் சுவரில் ஏறினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். படத்துக்குக் கும்பிடு போட்டுத் தொடங்கும் கூட்டத்தில் சாயபுவும் மற்ற இரண்டு முஸ்லிம் வியாபாரிகளும் எப்படி உட்கார்வார்கள்? ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கிறிஸ்தவர், அவர்தான் எப்படி உட்கார்வார்? எந்த மதத்தையும் சாராத சபை என்ற பேச்சே அன்றோடு போய்விடும். படத்தை வோட்டுக்கு விட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது எங்கள் அங்கத்தினர்களில் ஒருவரான, தோலும் அதைப் பதனிடும் ஆவாரம்பட்டையும் விற்கும் மண்டிக்காரர் என் காதருகே வந்து, "இந்தப் படம் கிடம்லாம் நமக்கு எதுக்கு வாத்தியாரே? எல்லாருக்கும் பொதுவா இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

என் முறை வந்தது. துண்டுக்குள் கையை விட்டேன். இரண்டு விரல்களை அழுத்திப் பிடித்தேன். சாயபு வழக்கம்போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று பேரும் முடித்ததும் எழுந்து, "படம் வேணும்னவங்க அஞ்சு. வேணாம்னவங்க எட்டு" என்றார்.

தலைவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அதே சாந்தமான குரலில், "வேண்டாம் என்று சொன்னவர்கள் எழுந்து நிற்கலாம். காரணம் தெரிந்தால் எனக்கு மனசு சமாதானமாகும்" என்றார்.

சாயபு உடனே மறித்தார். "அது ரூல் இல்லீங்க. ரகசியமாக் கேட்டத பகிரங்கமாக் கேக்கக் கூடாது."

"இங்கே நாமெல்லாம் சகோதரர்கள். சகோதரர்களுக்குள் ஒளிவு மறைவு என்ன?" என்றார் தலைவர்.

கம்பவுண்டர் எழுந்து நின்றார். இரண்டு முஸ்லிம் வியாபாரிகளும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு நாற்காலி ஒன்றும் நகரவில்லை. மண்டிக்காரர் தன் மேல்துண்டின் கரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நிர்வாகி அந்தத் தலைவர்தான். தலைமை வாத்தியார் வேலை காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது, அடுத்த ஆள் நான். எழுந்தால் வேலை போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். மற்ற நான்கு பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். ஒருவருக்குத் தாலுகா ஆபீசில் காரியம், ஒருவருக்கு மகள் கல்யாணம். யாரைச் சொல்லி என்ன, சீ!

"மூன்று பேர்தான் நிற்கிறார்கள்" என்றார் தலைவர். "காரியதரிசி எட்டு என்றார். மற்ற ஐந்து பேர் எங்கே?"

எல்லோரும் சாயபுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியும். பதின்மூன்று கைகளையும் அவர் பிடித்திருக்கிறார். என் பேரைச் சொல்லியிருக்கலாம், மண்டிக்காரரைக் கை காட்டியிருக்கலாம். ஐந்து பேர்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் எங்கள் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. "நான் எண்ணினது எட்டு. யாருன்னு என்னாண்ட கேக்காதீங்க" என்றார்.

"அப்படியானால் எண்ணிக்கை பொய் என்றுதான் ஆகிறது" என்றார் தலைவர். இப்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. சாயபு தன் மதத்துக்காகக் கணக்கை மாற்றிவிட்டார் என்று அவர் மனதார நம்பிவிட்டார். எதிரே இருந்த சாட்சி அப்படி. காரியதரிசி மேல் நம்பிக்கை இல்லை என்ற தீர்மானத்தை அங்கேயே கொண்டுவந்தார். இந்தத் தடவை துண்டு கிடையாது, கை தூக்கச் சொன்னார். பத்துக் கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது.

சாயபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அலமாரிச் சாவியையும் நடவடிக்கைப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். "வர்றேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எழுந்து நின்ற மூன்று பேரும் அவர் பின்னால் போனார்கள். அடுத்த வாரம் சுவரில் ஆணி அடித்தார்கள்.

வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன், என் பங்கை மட்டும் விட்டுவிட்டு. அவள் கேட்டுவிட்டு, "அவரு பொய் சொல்ற மனுஷன் இல்லியே. அப்போ நீங்க இன்னா பண்ணீங்க?" என்றாள். ஒரு மாதம் கழித்துத் என்னைத் தலைமை வாத்தியாராக நியமித்த உத்தரவைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "ஓகோ" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அதைப்பற்றி அவள் பேசியதே இல்லை.

சபையில் நடந்தது சந்தைக்குப் போக எத்தனை நாளாகும்? "சாமி காரியத்துலயே கணக்க மாத்தினவன், சரக்குல மாத்தமாட்டானா?" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அதை முதலில் கிளப்பியவர் யார் என்கிறீர்கள்? பட்டை மண்டிக்காரர்தான்! உண்மை தெரிந்தவரே சாயபுவின் துண்டுக்குள் கைவிடுவதை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாததால்தான் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் சாயபு குடும்பத்தோடு பேரணாம்பட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அங்கே போய் அவரைப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஒரு தோல் கிடங்கின் வாசலில் கூலியாட்களோடு உட்கார்ந்து, உப்புத் தோல்களை உதறித் தரம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாத்தியாரே! இன்னா இவ்ளோ தூரம்?" என்று கையைத் துடைத்துக்கொண்டார். டீக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"சாயபு, அன்னைக்கு நான் ரெண்டு விரலைத்தான் பிடிச்சேன்" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க."

"உங்களுக்கா ஞாபகம் இல்லை? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் என் பேரைச் சொல்லலை?"

"யாரு இன்னா புடிச்சாங்கன்னு யாராண்டயும் சொல்ற வழக்கம் இல்லீங்க" என்றார். "புடிச்சவராண்டயும் சொல்றதில்ல."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திட்டட்டும் என்றுதானே அவ்வளவு தூரம் போனேன்? நாலு பேர் எதிரில் காறித் துப்பியிருந்தால்கூட நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். "ரெண்டு வார்த்தை திட்டிடுங்க சாயபு" என்று கெஞ்சியே விட்டேன்.

அவர் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒங்களத் திட்டி எனக்கு இன்னா ஆவப் போவுது? நீங்க சொல்ல வேண்டிய எடம் இது இல்ல, வாத்தியாரே. சபை இருக்குது, தலைவர் இருக்காரு. அங்க போய் எந்திரிச்சு நில்லுங்க. அஞ்சு பேரும் வேணாம். அந்த மூணு நாலாவட்டும், எனக்கு அது போதும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். மௌனம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும் என்று ஐந்து நிமிஷமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மௌனம் முடிந்தது. தலைவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்து, "பள்ளிக்கூடத்துக் கூரை வேலை எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்டார். "முடிந்துவிட்டதுங்க" என்றேன். அதோடு சரி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அந்த வருஷம் மழைக்காலத்தில் சாயபு காலமாகிவிட்டார் என்று பேரணாம்பட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன் சொன்னான்.

அந்த மகானைத் தலைமைச் சபையே பிற்பாடு கைவிட்டுவிட்டது. படத்தைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தபோது யாரும் வோட்டுக்கூடக் கேட்கவில்லை. இப்போது சபையில் இருப்பவர்கள் எல்லாம் புதிய ஆட்கள், படித்த பிள்ளைகள். பூட்டுப் போட்ட பெட்டியில் அச்சடித்த சீட்டைப் போடுகிறார்கள். ஆண்டு விழாவில் பழைய காரியதரிசிகளின் பேர்ப் பட்டியலை வாசித்தார்கள், அவர் பேர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "அவர் ஏதோ தேர்தல் முறைகேட்டில் விலக்கப்பட்டவராமே சார்" என்றான் ஒரு பையன், மிகவும் மரியாதையாக.

அன்றைக்குத் துண்டுக்குள் கைவிட்ட பதின்மூன்று பேரில் நான் ஒருவன்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். நாலாவது ஆள் நான். இப்போதாவது எழுந்து நின்றுவிட்டேன் என்று எழுதி முடித்தால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு அந்தப் பையனிடம்கூட, "அப்படியா?" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். இதையும் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.