நியூட்டின் முகத்தை மறைத்த இலை

மணப்பெண்ணின் சேலை மடிப்பைச் சரிசெய்து, நாடியை உயர்த்தச் சொல்லி, தோழியை அரை அடி தள்ளி நிறுத்தி, அதன் பிறகு ‘இயல்பான படம்’ எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே காட்டுயிர்ப் படக் குழு ஒன்றில் சேர்ந்த முதல் கூட்டத்திலேயே, வசந்தகாலக் கண்காட்சிக்கு ஒரு நியூட் படத்தோடு வருவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன். வாய் எனக்குக் கமராவைவிட வேகம்.

நியூட் பார்வைக்குப் பல்லி, உறவுமுறையில் தவளை. குளத்தில் பிறந்து, வாலிபத்தில் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் காடு சுற்றிவிட்டு, வயதானதும் குளத்துக்கே திரும்பிவிடும். குழுவின் விதி ஒன்றுதான்: எதையும் தொடக்கூடாது, இடம் மாற்றக்கூடாது.

ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு காடு. காலை மழை அப்போதுதான் விட்டிருந்தது. கல்யாணங்களில் எனக்கு லைற் பிடிக்கும் மனைவி இங்கும் பிடித்தாள். நான் ஈரத்தில் குப்புறக் கிடந்து தேடிக்கொண்டிருக்க, தேடப்பட்டவர் சாவகாசமாக என் மனைவியின் சப்பாத்துக் காலில் ஏறி உட்கார்ந்தார். சப்பாத்தோ கடும் ஊதா, காட்டுப் படத்துக்கு ஆகாத நிறம்.

“அசையாதை,” என்றேன்.

“தூக்கி அந்தப் பாசியில வையுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

நியாயமான யோசனை. பாசியும் மணவறை மாதிரித்தான் இருந்தது. என் விரல்கள் பழக்கதோஷத்தில் நீண்டும்விட்டன. “எனக்குத் தெரியுமே,” என்று சொல்லி அவற்றை மடக்கி நெஞ்சுக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டேன்.

“நுளம்பு கடிக்குது.”

“கடிக்கட்டும்.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் சொல்லுக்கு அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை. ஒருவழியாக நியூட்டார் தானாகவே இறங்கினார். பாசியைத் திரும்பியும் பார்க்காமல், உக்கிய மேப்பிள் இலைகளுக்குள் தலையை நுழைத்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்து நின்றார். அந்த இலையை ஒரு ஊதலில் விலக்கியிருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு கமராவின் பொத்தானை அழுத்தினேன்.

மனைவி கமராத் திரையைப் பார்த்தாள். “பாதி முகத்தை இலை மறைக்குது. பொம்பிளைய இப்பிடி எடுத்துக் குடுத்தா, தாய்க்காரி கல்யாண அல்பத்தாலயே எறிவா.”

எறிவாள்தான். ஆனால் அந்த இலையின் பின்னால் நிற்க முடிவு செய்தது நானல்ல, நியூட். படத்தின் ஓரத்தைக்கூட வெட்டாமல் குழுவுக்கு அனுப்பிவைத்தேன்.