கிராணியின் சட்டைக்குக் கிடைத்த காற்று

ரயில் புகை, ரயில் புகை என்று எல்லாரும் சொன்னார்கள். பொய். ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில், ரயில் பாதை ஓரம் இருந்த எங்கள் பிரிக்பீல்ட்ஸ் காற்றில் என்ன கலந்திருந்தது என்று எனக்குத் தெரியும். நான் டோபி, ஊர்த் துணி வெளுப்பவன். காற்றில் இருப்பதெல்லாம் முதலில் என் வெள்ளைத் துணியில்தான் வந்து உட்காரும்.

நிலக்கரி தட்டுப்பாட்டில் ரயிலுக்கு விறகு போட்டார்கள். அந்தச் சாம்பலை வாயால் ஊதினால் பறந்துவிடும். துணி அவிக்கும் என் வெள்ளாவி அடுப்புப் புகையும் துணியில் படியும். அது பழுப்பு. ஒரு தடவை அலசினால் போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. மிளகுத்தூள் மாதிரி கருப்பு. ஊதினால் நகராது. விரலால் தேய்த்தால் மை மாதிரி கோடு இழுக்கும். சோப்பு கிடைக்காத காலம். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து எத்தனை அடி அடித்தாலும் போகாது.

அது கிராணியின் புகை. ஜப்பான்காரன் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர், எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீடு. மண்ணெண்ணெய் இல்லாததால் ரப்பரைக் காய்ச்சி விளக்குக்கு எண்ணெய் எடுத்து விற்றார். வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம். உள்ளே ரப்பர் ஷீட், கீழே நெருப்பு. எண்ணெய் சொட்டுச் சொட்டாக வரும். புகை மட்டும் தாராளமாக வரும்.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழி விழும், பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம் வரும். மருந்து எங்கும் கிடையாது. ஒரு காலையில் என் மனைவி பிள்ளையின் மூக்கைத் துடைத்த துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாருங்க. நீங்க தினமும் போட்டு அடிக்கிறீங்களே, அதேதானே இது?"

விரலால் தேய்த்தேன். கருப்புக் கோடு.

அந்தத் துணியோடு கிராணியிடம் போனேன். "டிரம்மை வேற எங்கயாவது வைங்கய்யா. பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

அவர் துணியைப் பார்க்கவே இல்லை. "ரயிலுக்குப் பக்கத்துல குடியிருந்துட்டு புகை வருதுன்னா என்னடா செய்றது? உன் வெள்ளாவியில என்ன, சாம்பிராணியா போடுற? போ, நாளைக்குச் சட்டை வேணும். ஒரு புள்ளி இருந்தாலும் ஜப்பான்காரன் அறைவான்."

"சரிங்கய்யா" என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் சட்டைகளைத் துவைத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிள்ளான் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டேன். அங்கே புகை வராது. பல மாதமாக அவருடைய சட்டைகளை மட்டும் அங்கே கொண்டுபோய்த்தான் காயப்போட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். இவன் சட்டைக்கு நல்ல காற்று தேடி நடக்கிறேன். என் பிள்ளையை இவன் புகையில் படுக்கப் போட்டிருக்கிறேன். என்ன மடையன் நான்!

திரும்பி வந்தேன். சட்டைகளை அவர் டிரம்முக்குப் பின்னால் இருந்த வேலியில் விரித்தேன். மனைவியையும் பிள்ளையையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், நான் கயிறு கட்டும் மரத்தில் தூளி கட்டினேன். மாலைக்குள் அந்தப் பூனைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. அடுத்த நாட்களிலும் பகல் முழுக்க அங்கேதான் இருந்தார்கள்.

சட்டைகளை மடித்துக் கொடுத்து இரண்டு நாள் கழித்துக் கிராணி வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வியர்வையில் சட்டை முழுக்கக் கருப்புக் கோடுகள்.

"டேய் டோபி! என்னடா இது?"

"ரயில் புகைங்கய்யா. பக்கத்துல குடியிருந்துட்டு என்ன செய்றது?"

கையை ஓங்கினார். அப்புறம் இறக்கிக்கொண்டார். அந்த வட்டாரத்தில் வேறு டோபி கிடையாது.

அந்த வாரமே டிரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. "பச்சைப் பிள்ளைக்காக மாத்திட்டாரு, நல்ல மனுஷன் லா" என்று வரிசையே பேசியது. பிள்ளைக்காகவா மாற்றினார்? சட்டைக்காக மாற்றினார்! என் மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்றைக்கும் கொஞ்சம் புகை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து குடிசைகள் இருந்தன. அங்கேயும் பிள்ளைகள் இருந்திருக்கும். கிராணி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. அவர் சட்டைகளைத் துவைத்து, புகை நின்றுபோன என் வீட்டு வாசலிலேயே காயப்போட்டேன்.