மூன்று பழம் குறைந்தது

நாற்பத்திரண்டு. இந்த எண்ணில் எனக்குச் சந்தேகம் கிடையாது. வெளியே கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். மாடிப்படிகளை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை எண்ணி, இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த காரியம் ஓடும். என் மனைவிக்கு இதில் தீராத அலுப்பு. அறுபதைத் தொடப்போகும் வயதில் எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நாற்பத்திரண்டு மட்டும் அசையாமல் நிற்கிறது.

எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பதினோரு வயது. சேலையூரில் நாங்கள் இருந்த தெருவில் எங்கள் வீட்டைத் தவிர பதினான்கு வீடுகள். எங்கள் கிணற்றடியில் ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. துணி துவைத்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்தது என்றாலும் காய்ப்பதில் குறை வைக்காது. கோடையில் விடிந்து பார்த்தால் தரையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, எண்ணி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

பழங்களைத் தெருவுக்குப் பங்கிடுவது அத்தை. அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாலையில் வந்ததும் முகம் கழுவி, ஒயர்கூடையில் பழங்களைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். வீட்டுக்கு மூன்று. இரட்டைப்படையில் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும், ஒற்றைப்படையில் கொடுத்தால் கொஞ்சம் பாக்கி நிற்கும், மறுபடி போகலாம் என்பாள். கூடை ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பிடி கறிவேப்பிலை வரும், கோடி வீட்டிலிருந்து இரண்டு முருங்கைக்காய் வரும், எல்லா வீட்டுக் கதைகளும் வரும்.

அந்த வருடம் மாசியில் அத்தைக்கு இருமல் வந்தது. கஷாயத்துக்குப் போகவில்லை. ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டால் வீட்டிலேயே இருக்கலாம், விரும்பினால் வார்டில் படுக்கை தருகிறோம் என்றாராம் டாக்டர். அம்மா அத்தையின் தட்டிலும் டம்ளரிலும் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். என்னைக் காட்டி, என் தங்கையைக் காட்டி, அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"தெருவுல யாரும் மூஞ்சியைச் சுளிக்காத வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்."

அத்தை இருந்த பின்னறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அவள் காதில் அது விழாமல் இருந்திருக்க வழியில்லை.

பங்குனியில் பழம் கொட்டத் தொடங்கியது. அத்தையால் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக முந்தானையால் துடைத்துக் கூடையில் வைத்தாள். நான்கு மொட்டைமாடிகளிலிருந்து பார்த்தால் எங்கள் கிணற்றடி நன்றாகத் தெரியும்.

"நீ போய்க் குடுத்துட்டு வாடா, கணக்குப்பிள்ளை. யார் யார் வாங்கிக்கிட்டாங்கன்னு வந்து சொல்லணும்" என்றாள்.

முதல் வீட்டில் குழந்தைக்குச் சளி. இரண்டாவது வீட்டில் அன்றுதான் மார்க்கெட்டிலிருந்து இரண்டு டஜன் வாங்கிவந்திருந்தார்களாம். மூன்றாவது வீட்டம்மா, "பிரிட்ஜுல இடமே இல்லப்பா" என்றார். அந்த வீட்டில் பிரிட்ஜே கிடையாது என்பது எனக்குத் தெரியும். இப்படிப் பதினொரு வீடுகள். மீதி மூன்று வீடுகளில் கேட்டைத் திறக்காமலே, காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். ஒன்பது பழங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன.

முதல் நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "வெயில் காலம்தானே, எல்லார் வீட்டுலயும் இருக்கும்" என்று அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டைத் தொடவில்லை. அதனால் அடுத்த முறையிலிருந்து எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். பொய்யில் ஒரு வசதி, எண்ணிக்கை எப்போதும் சரியாக வரும். திரும்பி வந்த பழங்களை அம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். வாரத்தில் நான்கு நாள் எலுமிச்சை சாதம். பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் புதுசு போலப் பளபளத்தன. "இந்த வருஷம் மரம் ரொம்பத்தான் காய்க்குது" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். கணக்கு நோட்டைத் திருப்பியிருந்தால் போன வருடமும் அதே அளவுதான் என்று தெரிந்திருக்கும். திருப்பத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அத்தை காலிக் கூடையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"ஏண்டா, ஒரு கொத்து கறிவேப்பிலைகூடவா யாரும் குடுக்கல?"

யோசித்தேன். கையில் கொடுத்தால்தானே வேண்டாம் என்கிறார்கள். தங்கள் வாசலில் கிடந்தால் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஏதாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, யாரும் கோலம் போட வருவதற்கு முன்னால், கூடையோடு போய் ஒவ்வொரு கேட்டின் முன்னும் மூன்று பழம் வைத்தேன். உருண்டு போகாமல் நெருக்கி வைத்தேன். கடைசி வீட்டில் கூடை சரியாகக் காலியானது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 42.

முச்சந்தியில் குங்குமம் தடவிக் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைத் தாண்டக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவை அறுத்த பழங்கள். எங்கள் மரத்துப் பழங்களை, அத்தை துடைத்துவைத்த பழங்களை, நான் அவற்றோடு சேர்த்து நினைக்கவேயில்லை.

ஆறு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமா இது, தெரு பூரா எலுமிச்சம்பயமா கீது? எவனோ செஞ்சி வச்சிட்டுப் பூட்டான். மிதிச்சிடப் போறீங்க."

யாரும் கையால் தொடவில்லை. துடைப்பங்களால் பழங்களைத் தெரு நடுவே, விளக்குக் கம்பத்தின் அடிக்குத் தள்ளினார்கள். தினமும் விடியுமுன் எழுந்து ஜெபம் செய்கிற டீச்சரம்மாவும், "எங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். அவருடையது நீளமான துடைப்பம்.

"நம்ம தெருவுல எலுமிச்ச மரம் யார் வீட்டுல இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாத் தலைகளும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பின.

"அதானே பாத்தேன். தனக்கு வந்ததைக் கழிச்சு நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க."

நான் கேட்டுக்குப் பின்னால் காலிக் கூடையோடு நின்றிருந்தேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அத்தை என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். மாசிக்குப் பிறகு அன்றுதான் இறங்கினாள்.

"எங்க அண்ணன் பையன் வச்சுட்டான். குடுக்கணும்னுதான் வச்சிருக்கான், குழந்தை. எங்க மரத்துப் பழம்தான், வேற ஒண்ணுமில்ல."

அத்தை கம்பத்தடியில் உட்கார்ந்து, பழங்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நடுவில் ஒருமுறை இருமினாள். கூட்டம் ஓரடி பின்னால் போனது. சரியாகச் சொன்னால் இரண்டடி.

வீட்டுக்கு வந்ததும் பழங்களைக் கழுவி, ஜாடியையும் உப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு ஊறுகாய்க்கு நறுக்க உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. எண்ணச் சொன்னாள்.

"முப்பத்தொன்பது. மூணு குறையுது அத்தை."

கத்தி நின்றது. "நல்லா எண்ணினியா?"

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.

"ஒவ்வொரு வீட்டுக்கும் மூணுதானே வச்சே? சாக்கடையில விழுந்திருக்கா, போய்ப் பாத்துட்டு வா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்கடை காய்ந்து கிடந்தது, ஒன்றுமில்லை.

"நாய் ஏதாவது தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

"நாய் எலுமிச்சம்பழம் திங்குமா அத்தை?"

அத்தை சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. முகத்தில் திடீரென்று ரத்தம் ஓடியது போலிருந்தது. "எந்த வீடாயிருக்கும்? நீ வைக்கும்போது யாராவது எழுந்திருந்தாங்களா? யோசிச்சுச் சொல்லுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்னறையில் தெருக்காரர்கள் இரண்டு பேர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குரலே கேட்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று பழத்தைத் தொலைத்ததற்காகத்தான் அத்தை இப்படித் துருவுகிறாள் என்று நினைத்தேன். எப்படியாவது இந்த விசாரணை முடிந்தால் போதும் என்றிருந்தது.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன் அத்தை. முப்பத்தொன்பதுதான் வச்சேன்."

அத்தை என்னையே பார்த்தாள். "கணக்குப்பிள்ளையே தப்பா எண்ணுவியா?"

"ஆமா."

"சரி" என்றாள். மீதிப் பழங்களை நறுக்கி, உப்புப் போட்டுக் குலுக்கி, ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாள். வந்தவர்கள் போனதும் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்துடறேன்."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜாடியைக் கையோடு எடுத்துப்போனாள். ஒரு மாதம் கழித்து அப்பா என்னைக் கூட்டிப்போய் வார்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். பதினேழு கட்டில்கள். ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்றாள் அத்தை. "எல்லாரும் கையை நீட்டி வாங்கிக்கிட்டாங்கடா, ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல." ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள்.

பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு. பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது. குறைந்தது சரியாக ஒரு வீட்டுப் பங்கு. அந்தத் தெருவில் யாரோ ஒருவர் துடைப்பத்தைத் தேடாமல், குனிந்து, கையால் எடுத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார். அந்த ஒரு வீட்டைத்தான் அத்தை அன்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இது எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்று நான் செய்தது வேறு. நேராகப் போய்க் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதிவைத்தேன். அத்தை கேட்டால் காட்டலாம் என்று. அவள் கேட்கவில்லை.