கீழ்க்குரல்

டோர்வல் விமான நிலையத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். பயணி ஒருவர் கிற்றார் பெட்டியைத் திறக்க, பழைய வெல்வெட் மணம் வந்தது. அக்காவின் பெட்டிக்கும் அதே மணம்தான்.

எனக்கு எட்டு வயதில் தொடங்கி இருபது வருடங்கள், தேவாலய மண்டபங்களிலும் கலியாணங்களிலும் நாங்கள் இருவரும் ஆங்கில கன்ட்ரி பாட்டுப் பாடினோம். எல்லாம் அப்பாவின் கசற்றில் கேட்டவை. இருவருக்கும் ஒரே மைக். அவளுடைய எண்ணெய்த் தலை என் கன்னத்தில் உரசும். மெட்டு அவளுடையது. நான் அதற்குக் கீழே, வேறு சுரங்களில், துணைக்குரல் மட்டும். அப்பா வேலை உடுப்போடு முன்வரிசையில் கண்மூடிக் கேட்பார்.

போன மாசியில் அக்காவின் செத்தவீட்டில், "அவளுக்குப் பிடிச்ச பாட்டைப் படி, பிள்ளை" என்றார் அப்பா.

பாடினேன். பழகிய துணைக்குரல்தான் வந்தது, மெட்டு வரவில்லை.

முடிந்ததும் அப்பா கண் திறந்தார். "இது எந்தப் பாட்டு?"

பயணி என்னைப் பார்த்து, பாடுவீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன்.