சிரிக்கப் பயந்த பிள்ளை

அது திமிரு இல்ல அம்மணி. லிஃப்ட்ல நீ சிரிக்கச் சிரிக்கப் பேசுனப்போ என்ற மக மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னு கீழ்வீட்டுல குறைப்பட்டியாமா. சிரிச்சா அவளுக்கு மூத்திரம் கசிஞ்சுரும். அந்தப் பயம். உக்காரு, டீ போட்டிருக்கேன்.

கொழந்தை பொறந்து ரெண்டு மாசத்துல ஒரு தும்மல் தும்முனா, நனைஞ்சுபோச்சு. அழுதா. நான் சொன்னேன்: "பெத்தவளுக்கெல்லாம் இப்படித்தான் கண்ணு. மூணு பெத்த எனக்கும் இருக்குது. நான் என்ன செத்தா போனேன்?" தண்ணியக் கொறைன்னேன். வயித்துல பழைய சேலையை இன்னும் இறுக்கிக் கட்டுனேன். என்ற அம்மா எனக்குக் கட்டுனாங்களே, அந்தக் கட்டு. பாரமெல்லாம் கீழ எறங்கி, நீர்க்கடுப்பும் வந்து, வேலையவே விட்டுர்றேன்னுட்டா.

அப்புறந்தான் பயிற்சி சொல்லித்தர்ற டாக்டரம்மாகிட்ட போனோம். மராத்திக்காரி. மகதான் எனக்குத் தமிழ்ல சொன்னா. இடுப்பெலும்புக்கு அடியில தூளித்துணியாட்டம் ஒரு சதை இருக்குதாம். மூத்திரப்பை, கருப்பையெல்லாம் அதுதான் தாங்குதாம். பிரசவத்துல தளந்துபோச்சு. மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ள இழுத்து, அஞ்சு எண்ணி விடோணும். பத்துத் தடவை, மூணு வேளை. கட்டை அவுத்துரு, தண்ணி நல்லாக் குடின்னுட்டா.

நான் சும்மா இருந்தனா? "எல்லாத்துக்கும் வர்றதுதானுங்களே"ன்னேன். மக அதை இந்தியில சொன்னா. டாக்டரம்மா என்னையப் பாத்து, "ஆஜிக்கு எத்தனை வருசமா?"ன்னு கேட்டா. ஆஜின்னா அவங்க பேச்சுல பாட்டி. முப்பதுக்கு மேலன்னு வாயில வந்துருச்சு.

மக அப்படியே பாத்தா. "ஏம்மா, ஒரு கல்யாணத்துக்கும் பஸ் ஏறாம முட்டிவலின்னியே, இதுக்குத்தானா?"

ஆமான்னு தலையாட்டுனேன் அம்மணி.

ரெண்டு பேரும் சேந்து பண்ணுனோம். அவ பால் குடுத்துட்டே எண்ணுவா, நான் கீரை ஆஞ்சுட்டே. சலிப்புன்னா சலிப்பு. ரெண்டு மாசம் ஒண்ணுந் தெரியல. எத்தனையோ நாள் விட்டுரலாம்னு தோணுச்சு. இப்பவும் இருமுனா எனக்கு ரெண்டு சொட்டு வரும். ஆனா எங்க போனாலும் கக்கூஸ் எங்கேன்னு தேடுற கண்ணு நின்னுருச்சு. அதுவே எனக்குத் தீவாளி!

இன்னிக்குத்தான் மறுபடி வேலைக்குப் போயிருக்கா. ஆபீஸ் இருக்குற ஹிஞ்சவாடி போறதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் வண்டி நெரிசலாம். எறங்குனதும் போன்: "அம்மா, நனையல."

இரு, பேத்தி முழிச்சுட்டா. மொதல்ல உள்ள இழுத்துப் புடிச்சுட்டு, அப்புறந்தான் குனிஞ்சு தூக்கோணும். மூணு பெத்தவ, கொழந்தை தூக்க இப்பத்தான் படிக்கிறேன். நீ டீயைக் குடி.