துளசி இலை போட்ட கொத்துக்கறி

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் அண்ணி பாக்கியலட்சுமியைப் பற்றி இரண்டே வரிகள் உள்ளன. செர்காமுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். 1990-இல் என் அண்ணன் சேகரனை மணந்தார். விடுபட்டதை இங்கே எழுதுகிறேன்.

பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அண்ணிக்கு ஆறு ஆண்டு வேலை. 1991-இல் அவரை லைன் லீடராக உயர்த்த முன்வந்தார்கள். மதிய ஷிப்டுக்குப் போக வேண்டும், தொழிற்சாலை பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்றார்கள். அம்மா பெத்தம்மாள் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு மாசம் பாக்கறேன். பஸ் வர்றதுக்குள்ள சோறு கறி ஆக்கி வச்சா, போ. ஒரு நாள் தவறுனாலும் வேலைய விட்டுடணும்."

அது அணை வற்றிய ஆண்டு. குழாயில் தண்ணீர் வராத நாள்களே அதிகம். ஆயினும் இருபத்தொன்பது நாள் அண்ணி தவறவில்லை.

முப்பதாம் நாள் ஞாயிறு; தொழிற்சாலைக்கு அன்றும் வேலை. நானும் அலோர் காஜாவிலிருந்து வந்திருந்தேன். தண்ணீர் லாரி தாமதமாக வந்தது. வரிசையில் நின்று இரண்டு வாளிகளோடு அண்ணி வீடு திரும்பியபோது மணி ஒன்று. பஸ் ஒன்றரைக்கு. சோறு காலையிலேயே வடித்தாயிற்று; குழம்பு வைக்கத்தான் நேரமில்லை.

"இன்னிக்கு மாட்டிக்கிட்டா," என்றார் அம்மா, அண்ணனிடம்.

தொழிற்சாலையில் பக்கத்தில் உட்காரும் நொய் என்ற கிளந்தான் சயாமியப் பெண்ணிடம் அண்ணி ஒரு சமையல் கற்றிருந்தார். கோழி நெஞ்சுக்கறியைக் கத்தியால் பொடியாகக் கொத்தினார். பூண்டும் ஊசிமிளகாயும் நசுக்கிக் குவாலிச் சட்டியில் வதக்கி, கறியைக் கொட்டிக் கிளறி, கிச்சாப் என்கிற சோயாச் சாறும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்தார். கடைசியில் நொய் ஒரு கை இலை போடுவாள். அதன் மணம் அண்ணிக்கு நன்றாகத் தெரியும். வாசலுக்குப் போய்த் தொட்டியிலிருந்த துளசியை உருவி வந்தார்.

எங்களுக்குக் குலதெய்வம் பெருமாள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் முதல் குவளை அந்தத் துளசிக்குத்தான். அண்ணி பிறந்த வீட்டிலோ அது சளி மருந்து மட்டுமே.

பத்தே நிமிடத்தில் கறி தயார். "கடையில கூட இப்படிக் கெடைக்காதுலா!" என்றார் அண்ணன். அம்மா மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

"என்னா வாசம்டி இது? நல்லாத்தான் இருக்கு."

பஸ் ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டியபடியே அண்ணி சிரித்தார். "நம்ம வாசல் துளசிதான் அத்தை."

அம்மா எழுந்துபோய்ப் பார்த்தார். தொட்டியில் வெறும் குச்சிகள் நின்றன.

"பெருமாளுக்குள்ளத உருவிக் கோழியில போட்டியாடி, பாவி!"

"சளிக்குக் கஷாயம் வைக்கிற எலதானேன்னு..."

"கஷாயமும் கோழியும் ஒண்ணா? தோட்டத்துப் புத்தி எங்க போவும்!"

அம்மாவும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது.

"பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஆக்கிட்டேனே அத்தை. நான் தவறலயே," என்றார் அண்ணி. அம்மா வாசலை விட்டு நகரவில்லை. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். பஸ் இன்னும் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

அண்ணன் தட்டை வழித்து முடித்தார், கை கழுவினார். "அம்மா சொல்றபடி கேளு," என்றார்.

வேலைவிலகல் கடிதத்தை என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். காரணம், குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அதன் நகல் இன்னமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மழை வந்ததும் துளசி மூன்றே வாரத்தில் துளிர்த்தது. நொய் லைன் லீடர் ஆனாள்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாள், சாப்பாட்டின் நடுவே அண்ணன் கேட்டார்: "அந்தக் கொத்துக்கறிய ஒரு நாள் செய்யேன். வேற எல போட்டு."

அண்ணி ரசத்தை அவர் தட்டில் ஊற்றினார்.

"அது அவசரத்துக்கு ஆக்கற கறிங்க. எனக்கு இப்ப என்ன அவசரம்?"