குரல் விழுந்த கேசட்

மாப்பிள்ளைக்குப் பழைய ரெக்கார்டுகள் என்றால் பைத்தியம். இன்று காலை ஒன்றை ஓடவிட்டு, அதிலிருந்து கேசட்டில் பாட்டு ஏற்றினார். ஊசி இறங்கிக் கரகரவென்றதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் அண்ணன் ஏற்றும்போது அப்படித்தான் இருப்போம். ரெக்கார்டு பிளேயருக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து, ஜன்னலைச் சாத்திவிடுவான். வெளியே கிரிவலம் போகிறவர்களின் பேச்சுகூட உள்ளே விழக்கூடாது. ஒருநாள் என்னை மறந்து பாட்டோடு கூடவே பாடிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, "யாருடி அது பாடறது? நல்லாத்தான்டி கீது!" என்றாள்.

எல்லாம் பதிவாகிவிட்டது.

"கழுதை, பாட்டையே கெடுத்துட்டியே!" என்று திட்டிய அண்ணன், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தான். எனக்கு வெட்கம் தாளவில்லை. "அழிச்சிடுண்ணா" என்று அழுதேன். அவனும் அதன்மேல் வேறு பாட்டை ஏற்றிவிட்டான்.

அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். அவள் குரல் வேறு எதிலும் இல்லை.

"ஏன் அத்தை வாயை மூடிக்கினு நிக்கறீங்க? சும்மா பேசுங்க. இது நேரா ஒயர் வழியா ஏறுது, உங்க குரல் உள்ள விழாது" என்றார் மாப்பிள்ளை.

"விழற மாதிரி வைங்க மாப்ளே" என்றேன்.